கட்டியவரே அவிழ்க்க வேண்டும்

“எச்சரிக்கைத் துணி கட்டப்பட்டுள்ள எந்தப் பாகத்தையும், அதைக் கட்டியவரைத் தவிர வேறு எவரும் அவிழ்க்கவோ நகர்த்தவோ பொருத்தவோ கூடாது.”

எங்கள் அலுவலகக் கணினி அறைக் கையேட்டில் நான்காம் பிரிவு, ஏழாம் விதி. எழுதியவன் நான். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தந்திருக்கிறேன். முதல் வரைவில் ‘எவரும்’ என்ற இடத்தில் ‘இயக்குநர்கள்’, அதாவது கணினியை ஓட்டுபவர்கள், என்று இருந்தது. அது மேற்பார்வையாளருக்கு ஒரு சந்து விட்டுவைத்தது. மேற்பார்வையாளர் நான்தான் என்பதால் அந்தச் சந்தின் அகலம் எனக்குத் தெரியும். திருத்தினேன். விதி நடைமுறைக்கு வந்தபோது, அதை எங்களுக்குக் கற்றுத் தந்தவர் வேலையில் இல்லை.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை ஒரு படிவத்தில் எழுதியதிலேயே போதுமான கெடுதல் நடந்துவிட்டது.

எங்களுடையது ஒரு கப்பல் முகவர் நிறுவனம். எந்தச் சரக்குப் பெட்டகம் எந்தக் கப்பலில், எந்த வரிசையில் என்பதைக் கணினி வைத்திருந்தது. எழுபதுகளின் கடைசியில் அது பெரிய பெருமை. அறை நடுவில் ஆள் உயர இரும்புச் சட்டம் ஒன்று நின்றது. ரேக் என்போம். அதில் மேலும் கீழுமாக இரண்டு டிரைவ்கள். மேசை இழுப்பறை போல முன்னால் இழுக்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் ஓர் அரிசி மூட்டை கனம். டிரைவுக்குள் தோசைக்கல் அளவில் ஒரு காந்தத் தட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் சுழலும்; உறையோடு வெளியே எடுத்து வேறு தட்டும் போடலாம். தகவலெல்லாம் அந்தத் தட்டில். சட்டத்தின் அடியில் ஓர் இரும்புக் கால் ஒளிந்திருக்கும். டிரைவை இழுக்கும் முன் அந்தக் காலை முன்னால் இழுத்துவிட வேண்டும். கையேட்டில் அந்தப் பக்கத்தை நான் படித்திருந்தேன். அடிக்கோடும் போட்டிருந்தேன்.

அவர் முதல் தடவை வந்த நாளில், பழுதுபார்க்க வரும் எஞ்சினியருக்கு உதவியாக இருக்கட்டும் என்று இரண்டு டிரைவ்களையும் நானே வெளியே இழுத்து வைத்திருந்தேன். கதவைத் திறந்து ஒரு பெண் வந்து நின்றார். முப்பது வயதிருக்கும். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை.

“எஞ்சினியர் வரலையா மிஸ்?”

“வந்துட்டாங்க சார். நான்தான்.” என் முகத்தை அவர் பார்க்கவில்லை. ரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சார், அசையாம அங்கேயே நில்லுங்க. ரெண்டும் வெளிய இருக்கு, கால் உள்ள இருக்கு.”

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. சட்டம் என்னை நோக்கி, வணக்கம் சொல்வது போல, மெல்லக் குனிந்துகொண்டிருந்தது. அவர் ஓடி வரவில்லை. நடந்து வந்து, மேல் டிரைவில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து உள்ளே தள்ளினார். பிறகு கீழே இருந்ததை. பிறகு குந்தி உட்கார்ந்து காலை இழுத்துவிட்டார்.

“முதல்ல கால், அப்புறம் கை,” என்றார். சுவரில் ஒட்டுவதற்கு என்று சொன்னது போல இருந்தது. மறுநாள் எங்கள் கணினி இயக்குநர் செல்வா அதை எழுதி ஒட்டியும்விட்டான்.

அவர் எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு தூசியில்லா அறையில் உட்காரும் வரிசையில் இருந்தவர். இரவுப் பள்ளியில் படித்து, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கம்பெனிக்கு வந்திருந்தார். தொழிற்சாலையின் சுத்தம் கூடவே வந்திருந்தது. பாகம் மாற்றுவதற்கு அவரிடம் ஒரு வரிசை உண்டு. சுவிட்சை அணைப்பார். அணைத்தது போதாதென்று பிளக்கையும் பிடுங்கித் தன் கண்ணில் படும்படி தரையில் வைப்பார். தட்டு நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். சட்டத்தின் இரும்பை ஒருமுறை தொட்டு, உடம்பில் உள்ள மின்சாரத்தை அதற்குக் கொடுத்துவிடுவார். கழற்றும் ஒவ்வொரு திருகையும் ஒரு முட்டை அட்டையின் குழிகளில், கழற்றிய வரிசையிலேயே போடுவார். பழைய பாகத்தையும் புதிய பாகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது, இரட்டைப் பிள்ளைகளில் மூத்ததைத் தேடுகிற முகம்.

இதெல்லாம் நல்ல எஞ்சினியர் யாரும் செய்வது. அவருக்கு மட்டுமே உரியது அந்தச் சிவப்புத் துணி.

இந்தியர் கடைகள் நிறைந்த தேக்காவில் அவருக்குச் சட்டை தைக்கும் தையல்காரரிடம் வெட்டி எறியும் துண்டுகளை வாங்கி, விரல் அகலத்துக்குக் கிழித்து, கருவிப் பெட்டியின் மூடியில் வைத்திருப்பார். எதன்மீது சந்தேகம் வந்தாலும் அதில் ஒன்றைக் கட்டிவிடுவார். ஒரு கேபிள், ஒரு மின்விசிறி, ஒரு டிரைவ். கட்டியதை அவர்தான் அவிழ்ப்பார். எங்கள் அறைக்கு வந்தவர்கள் எல்லாம், இங்கே எந்தச் சாமி என்று கேட்க ஆரம்பித்தார்கள். செல்வா சிரித்துக்கொண்டே, “அக்கா வேதக்காரங்க. ஆனா நேர்த்திக்கடன் நம்ம முனீஸ்வரனுக்கு,” என்பான்.

ஒருமுறை வேலை முடித்து நாங்கள் மூவரும் தேக்கா மார்க்கெட்டில் தேநீர் குடிக்கப் போனோம். அவர் உட்கார்ந்த ஸ்டூல் ஆடியது. எழுந்தார். திருப்பிப் பார்த்தார். பையிலிருந்து துணியை எடுத்து அதன் காலில் கட்டி, ஓரமாகக் கவிழ்த்து வைத்தார். கடைக்காரர் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“ஏம்மா, என் கடையில எதுக்கும்மா வேண்டுதல்?”

“யாராச்சும் விழுந்தா அப்ப நீங்க வேண்டிக்கணும்ண்ணே. ஆணி ஒன்னு அடிச்சிட்டுச் சொல்லுங்க, வந்து அவுத்துவிடுறேன்.”

“ஆணி அடிக்கிற எனக்கு அவுக்கத் தெரியாதா லா?”

“தெரியும். அடிக்காமலே அவுக்கவும் தெரியும்.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். படித்தவன் என்று என்னிடம் நியாயம் கேட்கிறார். நான் தோளைக் குலுக்கினேன். அடுத்த வாரம் போனபோது ஸ்டூலில் புது ஆணி இருந்தது. துணியும் அப்படியே இருந்தது. அவர் அவிழ்த்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டு, அதன் மேலேயே உட்கார்ந்து தேநீர் கேட்டார்.

அவர் தோ பாயோவில் தங்கையோடு இருந்தார். ஒருநாள் அவசரத்துக்கு வீட்டுக்குத் தொலைபேசினேன். தங்கைதான் எடுத்தார். அக்கா பூசைக்குப் போயிருப்பதாகச் சொல்லிவிட்டு, “சார், ஆபீஸ்ல நீங்களாச்சும் சொல்லக்கூடாதா? வீட்டுல ரைஸ் குக்கர்ல கட்டி வெச்சு நாலு நாளாச்சு. நாங்க ரொட்டிதான் சாப்பிடுறோம்,” என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. என் தந்தை யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்கு வந்த குமாஸ்தா. விதியும் படிவமும் எங்கள் குலத்தொழில். விதியை எழுதி வைக்காமலே கடைப்பிடிக்கும் ஒருவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஒரு புனித வெள்ளி. அலுவலகத்துக்கு விடுமுறை, கப்பலுக்கு இல்லை என்பதால் நான் இருந்தேன். மாலை நான்கு மணிக்கு, கோயிலிலிருந்து நேராக, கறுப்பு உடையில் வந்து நின்றார். முந்தைய நாள் ஒரு மின்வழங்கியை மாற்றிவிட்டு, ஒருநாள் ஓடட்டும் என்று துணி கட்டிப் போயிருந்தார். வந்தார், காது கொடுத்துக் கேட்டார், பின்பக்கம் கை வைத்துச் சூடு பார்த்தார், அவிழ்த்தார்.

“இதுக்காகவா பஸ் ஏறி வந்தீங்க? போன் பண்ணிச் சொல்லியிருந்தா நானே அவுத்திருப்பேனே.”

“அவுத்திருப்பீங்க சார். அடுத்த தடவ நான் போன் பண்ணாமலே அவுப்பீங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அடுத்த தடவை என்பது ஒன்றரை வருடம் கழித்து வந்தது. காலை எட்டு மணிக்கு மேல் டிரைவிலிருந்து ஒரு சத்தம். சட்டியின் அடியை இரும்புக் கரண்டியால் சுரண்டுவது போல. அவர் ஒன்பது மணிக்கு வந்தார். வரிசைப்படி எல்லாம் செய்தார். தட்டை வெளியே எடுத்து, உறையின் வாயில் மூக்கை வைத்து முகர்ந்தார். எனக்கும் காட்டினார். கருகிய வாசனை. தட்டின் மேல் ஒரு மெல்லிய வட்டக் கீறல், அதைச் சுற்றிப் பழுப்புத் தூள்.

செல்வாவுக்கும் எனக்கும் விளக்கினார். தட்டைப் படிக்கும் ஹெட் என்ற சிறு முனை, தட்டைத் தொடாமல், தலைமுடியைவிடச் சின்ன இடைவெளியில் காற்றில் மிதக்கும். எப்படியோ தொட்டுவிட்டது. தட்டும் போயிற்று, ஹெட்டும் போயிற்று.

“இந்தத் தட்ட கீழ் டிரைவுல போட்டுப் பாக்காதீங்க. அதோட ஹெட்டையும் இது கொன்னுடும். இந்த டிரைவுல வேற நல்ல தட்டப் போடாதீங்க. அதையும் இது கொன்னுடும். அம்மை மாதிரி சார். கெட்டதத் தொட்டது எல்லாம் கெட்டது.” தட்டின் கைப்பிடியில் ஒரு துணி, டிரைவின் கைப்பிடியில் ஒரு துணி. “ஹெட்டு ஏர்போர்ட்டுல வந்து கெடக்கு. மூணு மணிக்கெல்லாம் எடுத்துட்டு வந்துடுவேன். நேத்து எடுத்த காப்பி பத்திரமா இருக்குல்ல?”

இருந்தது. இரும்பு அலமாரியில், தனித்தனித் தட்டுகளில், நேற்றைய நகல் ஒன்று, போன வார நகல் ஒன்று. நான் வகுத்த முறை அது. எங்கே கேட்டாலும் பாராட்டுவார்கள்.

பதினொன்றரைக்குப் பொது மேலாளர் அழைத்தார். கப்பல் இரண்டு மணிக்கு நகர வேண்டும், பெட்டகப் பட்டியல் கையில் வருமா வராதா என்று மட்டும் கேட்டார். வரும் என்றேன். கீழ் டிரைவ் நன்றாகத்தான் இருந்தது, நேற்றைய நகலும் இருந்தது. அதைக் கீழே போட்டு, காலையில் சேர்ந்ததைக் கையால் தட்டச்சு செய்திருந்தால், தாமதமாகவாவது பட்டியல் கிடைத்திருக்கும். அது பாதுகாப்பான வழி. ஆனால் இரண்டு மணிக்கு முடியாது. நான் யோசித்தேன். யோசிக்கத் தெரிந்தவன் என்பதுதான் பிரச்சினை. பழுதைக் கண்டுபிடிக்க, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். டிரைவ்தான் கெட்டிருக்கிறது, கீறல் வெறும் மேல்கீறல் என்றால், அதே தட்டு கீழ் டிரைவில் ஓடும். பள்ளிக்கூடத்தில் இந்த முறைக்கு எனக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள்.

தட்டிலிருந்த துணியை அவிழ்த்தேன்.

“சார், அக்கா வேணாம்னாங்க,” என்றான் செல்வா.

“அக்கா மூணு மணிக்கு வருவாங்க. கப்பல் ரெண்டு மணிக்குப் போகுது.”

“ஒரு போன் போட்டுக் கேக்கலாமே.”

“எங்க போடுறது? அவங்க ஏர்போர்ட் போற பஸ்ஸுக்கா?”

கீழ் டிரைவ் சுழன்று வேகம் பிடித்தது. பச்சை விளக்கு வந்தது. பிறகு அந்தச் சத்தம்.

சரி, தட்டுதான் கெட்டது என்று தெரிந்துவிட்டது. அப்படியென்றால் நேற்றைய நல்ல நகலைக் கீழ் டிரைவில் போடலாம். போட்டேன். மறுபடியும் அதே சத்தம். இப்போது கீழ் டிரைவும் ஏதோ தற்செயலாகக் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். காலையில் மேல் டிரைவின் ஹெட்டை அவர் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்ததைப் பார்த்திருந்தேன். துடைத்தால் சுத்தம் என்பது என் கணக்கு. அதன் கைப்பிடியில் இருந்த துணியையும் அவிழ்த்தேன். போன வார நகலை மேல் டிரைவில் போட்டேன். செல்வா அறையின் மறுகோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். முதலில் அவன் காதைப் பொத்தினான். சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அரை மணி நேரத்தில், காலையில் போனதோடு சேர்த்து, மூன்று தட்டும் போயிற்று. பிந்திய இரண்டையும் கொன்றது ஒரு முறையான சிந்தனை. கப்பல் பட்டியல் இல்லாமல் நின்றது.

அவர் மூன்று மணிக்கு, சொன்னபடி, ஹெட் இருந்த சின்னப் பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார். கதவருகிலேயே நின்றுவிட்டார். வாசனை அங்கேயே வந்துவிட்டது.

“எத்தன?”

“மூணு,” என்றான் செல்வா.

“வாரக் காப்பியுமா?”

செல்வா தலையாட்டினான். அவர் ரேக்கின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். மேல் டிரைவின் கைப்பிடியையும் காலையில் போன தட்டின் கைப்பிடியையும் பார்த்தார். தரையில் தேடினார்.

“யாரு அவுத்தது?”

செல்வாவுக்கு இரண்டு குழந்தைகள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு துணியும் என் கால்சட்டைப் பையில் இருந்தன. ஒரு முனை வெளியே தெரிந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். இரண்டாவது தடவை கேட்கவில்லை.

பிறகு வேலையைத் தொடங்கினார். அன்றும் முதலில் காலை இழுத்தார், பிறகுதான் கை.

விசாரணைப் படிவம் மறுவாரம் வந்தது. அவருடைய கம்பெனியும் எங்கள் கம்பெனியும் சேர்ந்து தயாரித்தது. பதினான்கு கேள்விகள். ஒன்பதாவது: “பழுதான பாகங்களில் எச்சரிக்கை அடையாளம் இருந்ததா? ஆம் / இல்லை.” நான் ‘இல்லை’ என்பதில் குறியிட்டேன். என் குறி எப்போதும் நேர்த்தியாக இருக்கும். பொறுப்பான எஞ்சினியர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினேன். செல்வாவை யாரும் கேட்கவில்லை. இயக்குநரைக் கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை. மாத முடிவில் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். எங்கள் தட்டச்சுப் பெண்கள் காகிதங்களைப் பார்த்து மூன்று மாதம் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினார்கள். நான் நான்காம் பிரிவு, ஏழாம் விதியை எழுதினேன். மேலாளர் பாராட்டினார். செல்வா இரண்டு வருடத்தில் டாக்சி ஓட்டப் போனான். எங்காவது பார்த்தால் ‘சார்’ என்பான், அதற்குமேல் பேசமாட்டான்.

அடுத்த வருடம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 1982. கோடு போட்ட தாள், கான்வென்ட் கையெழுத்து.

“மதிப்புக்குரிய சாருக்கு, வேறொரு கம்பெனியில் எஞ்சினியர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பழைய கம்பெனியில் விசாரித்து, நான் எச்சரிக்கை அடையாளம் வைக்காத ஆள் என்று தெரிந்துகொண்டார்களாம். உங்களிடமிருந்து ஒரு வரி வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். துணி இருந்ததா, இல்லையா. ஆம் அல்லது இல்லை என்று எழுதினால் போதும். யார் அவிழ்த்தது என்று எழுத வேண்டாம்.”

வரும் கடிதம் ஒவ்வொன்றுக்கும் ஏழு வேலை நாட்களுக்குள் பதில் போக வேண்டும் என்பது எங்கள் அலுவலகச் சுற்றறிக்கை. அதையும் எழுதியவன் யாரென்று ஊகிக்கலாம். ஆம் என்று எழுதினால் படிவத்தில் பொய் சொன்னவன் ஆவேன். இல்லை என்று எழுதினால் இரண்டாம் முறை சொன்னவன் ஆவேன். கடிதத்தை ‘நிலுவை’ என்ற கோப்பில் வைத்தேன். துணிகளும் அதிலேயே இருந்தன.

அவரை அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை பார்த்தேன். பூன் லேயில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பேருந்து நிலையத்தில், தொழிற்சாலைப் பெண்கள் வரிசையில் நின்றிருந்தார். வெளிர்நீல மேலங்கி. அந்தப் பக்கம் புதிதாக வந்திருந்த டிஸ்க் டிரைவ் தொழிற்சாலையில், மறுபடியும் தொப்பி மாட்டும் வரிசைக்கே போயிருந்தார். நான் வேறு பக்கம் திரும்புவதற்குள் பார்த்துவிட்டார்.

“சார், நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன். நீங்க?”

“இருக்கேன். டிரைவ் ரெண்டும் எப்படி ஓடுது?”

“நல்லா ஓடுது.”

“கால இழுத்துட்டுத்தானே தொறக்கறாங்க?”

“ஆமா. இழுத்துட்டுத்தான்.”

“சந்தோஷம் சார்.”

கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்து சேரவில்லை என்று சொல்லியிருப்பேன், அதற்கான வாக்கியம் தயாராக இருந்தது. பேருந்து வந்தது, ஏறினார். அவர் நின்ற இடத்தில் கைப்பிடிக் கம்பி ஒன்று சுவரிலிருந்து கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சிவப்புத் துணி. என் பேருந்துக்கு நான் தள்ளி நின்றேன்.

அந்தச் சத்தம் என்னை விட்டதே இல்லை. கேரட் கேக் என்ற முள்ளங்கி மாவுப் பலகாரத்தை வறுக்கும் கடையில் சட்டியைச் சுரண்டும்போது வரும். புது ரயில் நிலையத்துக்குள் நுழையும்போது சக்கரத்தில் வரும். வந்தால் என் கை தானாகக் கால்சட்டைப் பைக்குப் போகும். வீட்டில் மனைவி, “என்ன தேடுறீங்க?” என்பாள்.

1988 ஏப்ரல் மாதம் ஓய்வு பெற்றேன். பிரிவுபசாரத்தில் என் கையேட்டைத் தோலில் கட்டிப் பரிசாகக் கொடுத்தார்கள். மேசையைக் காலி செய்யும்போது ‘நிலுவை’ கோப்பில் மிஞ்சியிருந்தது ஒரே கடிதம். என்னிடமிருந்து பறிக்க யாருக்கும் எதுவும் மிச்சமில்லாத நிலையில், எனக்குத் துணிச்சல் வந்தது. ஒரு தாளில் எழுதினேன்: “ஆம். இரண்டு இடத்தில் இருந்தது. அவிழ்த்தவன் நான்.” கையெழுத்திட்டு, கீழே பெயரையும் பதவியையும் எழுதி, பதவியை அடித்தேன். இரண்டு துணிகளையும் மடித்து உள்ளே வைத்தேன். கட்டியவரிடம் திரும்ப வேண்டியவை. கடிதத்தில் இருந்த தோ பாயோ முகவரிக்கே, பதிவுத் தபாலில், பெற்றுக்கொண்டதற்கான அட்டையோடு அனுப்பினேன். நடைமுறை எனக்குத் தெரியும்.

இரண்டு நாளில் அட்டை திரும்பி வந்தது. கையெழுத்து அவருடையது அல்ல. தங்கையுடையது. அவர் வேலைக்குப் போயிருந்த நேரமாக இருக்கலாம். வேறு காரணமாகவும் இருக்கலாம். அந்த அட்டையில் காரணம் எழுத இடம் விடுவதில்லை. பெறுநர் கையெழுத்து, அதன் கீழே பெற்ற தேதி, இரண்டு கட்டங்கள்தான். தேதியைத் தபால்காரர் எழுதியிருந்தார். ஆறு வருடத்துக்கும் ஏழு வேலை நாளுக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெளிவாக இருந்தது: 1988 ஏப்ரல் 12, செவ்வாய்க்கிழமை.